ஓடையில் லாரி கொட்டுகிறதா? முதல் போட்டோவிலிருந்து பசுமைத் தீர்ப்பாயம் வரை, வடசென்னைக்காரர்களுக்கு

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது. பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிற தண்ணீர். ஏரியாப் பெயரைச் சொல்லவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. அந்த ஓடையில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் டிப்பர் லாரிகள் ரப்பீஸ் கொட்ட ஆரம்பித்தன. இடித்த வீட்டின் செங்கல், உடைந்த டைல்ஸ், கக்கூஸ் பீங்கான் என்று எல்லாம் வந்து விழுந்தன. மூன்றே மாதத்தில் ஓடை பாதி அகலத்துக்குச் சுருங்கிவிட்டது.

நான் வக்கீல் இல்லை, இயக்கத்துக்காரனும் இல்லை. கன்டெய்னர் யார்டில் பில் போடுகிறவன். கொட்டியதை அள்ள வைக்கப் பதினான்கு மாதம் ஆனது, அதிலும் பாதியைத்தான் அள்ளியிருக்கிறார்கள். லாரி வந்த முதல் வாரமே ஓட ஆரம்பித்தும் முதல் ஐந்து மாதம் சுத்த வேஸ்ட். தப்பான ஆபீஸுக்கு, தப்பாக எழுதிய மனுவோடு, ரசீது கூட வாங்காமல் அலைந்தேன். உங்களுக்கு அந்த ஐந்து மாதம் மிச்சமாக வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. முதலில் தண்ணீரோடு நடங்கள்

மனு எழுத உட்காருவதற்கு முன்னால், ஓடை எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையோரமாக நடந்து பாருங்கள். எந்த இடத்தில் நாற்றம் மாறுகிறது, எங்கே குழாய் வந்து விழுகிறது, எந்தப் பாலத்துக்கு அடியில் அடைத்திருக்கிறது என்று ஒரு நோட்டில் தேதி, மணியோடு எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். செல்போனில் குறித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், போன் மாறும்போது போய்விடும்.

எண்ணூர்ப் பக்கம் என்றால் இதோடு ஓதத்தையும், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவதையும், கணக்கில் எடுக்க வேண்டும். நான் காலையில் வேலைக்குப் போகும் வழியில் எடுத்த போட்டோக்களில் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. ஆற்றில் வலை போடுகிற ஓர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, ஏத்தத்துல எடுத்திருக்க. கடல் தண்ணி உள்ள வந்து நிக்கற நேரம் அது. வத்தத்துல வந்து பாரு, அடியில என்ன கெடக்குதுன்னு தெரியும்” என்றார். அவர் சொன்ன நேரத்துக்குப் போனேன். ஒரு முழம் தண்ணீருக்கு அடியில் சாம்பல் நிறச் சேறு. அதில் கையை விட்டு எடுத்துக் காட்டினார், கொத்துக் கொத்தாகக் கறுப்புச் சிப்பி. காக்கா ஆழி என்கிறார்கள். வெளியிலிருந்து வந்து பரவிய இனம். இது படர்ந்த இடத்தில் இறால் இருக்காது, நடந்தால் காலைக் கிழிக்கும். என் கண்ணுக்கு அது வெறும் சேறாகத்தான் தெரிந்திருக்கும். ஆகவே ஆற்றில் இறங்குகிறவர்களிடம் முதலில் பேசுங்கள். அவர்கள் சொல்லும் இடப்பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அரசு வரைபடத்தில் அவை இருக்காது, ஆனால் பின்னால் சாட்சி சொல்லும்போது அந்தப் பெயர்கள்தான் கைகொடுக்கும்.

போட்டோவில் இடமும் நேரமும் அச்சாகிற ஜி.பி.எஸ். கேமரா செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், வாரம் ஒரு முறை எடுங்கள். பின்னணியில் கரண்ட் கம்பமோ கோயில் கோபுரமோ, நகராத ஒன்று தெரிய வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துச் செயற்கைக்கோள் படங்களையும் புரட்டிப் பார்க்க முடியும். ஓடை அகலமாக இருந்த வருஷத்துப் படத்தையும் இன்றைய படத்தையும் ஒரே தாளில் அடித்து வையுங்கள். அதிகாரிகள் நாலு பக்க மனுவைப் படிக்க மாட்டார்கள், இந்த ஒரு தாளைக் கட்டாயம் பார்ப்பார்கள்.

கவனம்: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவுக்குள் இருக்கும் தேதி, இட விவரம் அழிந்துவிடும். மூலப்படத்தைத் தனியாகச் சேமியுங்கள். நீதிமன்றம் வரை போனால், மின்னணுச் சாட்சிக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்று கொடுக்க வேண்டியிருக்கும். படம் எடுத்த போனைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. லாரியைத் துரத்தாதீர்கள், மறிக்காதீர்கள். வண்டி நம்பரைத் தூரத்திலிருந்து எடுங்கள், முடிந்தால் மொட்டை மாடியிலிருந்து. எங்கள் தெருப் பையன் ஒருவன் வீரமாகப் போய் முன்னால் நின்று, மறுநாள் அவன் வீட்டுக்கு நாலு பேர் வந்தார்கள். அதோடு அவன் அம்மா கையெழுத்துப் போடவே மறுத்துவிட்டார்.

2. சர்வே நம்பர் இல்லாமல் எந்த ஆபீஸுக்கும் போகாதீர்கள்

“எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கற ஓடை சார்” என்று நான் சொன்னபோதெல்லாம் “எந்த ஓடை?” என்றுதான் கேட்டார்கள். அரசாங்கத்துக்கு ஓடையின் பெயர் சர்வே நம்பர்தான்.

தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில் நிலப்பதிவுகளைக் காசில்லாமல் பார்க்கலாம். கிராமக் கணக்கில் இருக்கும் இடமென்றால் அ-பதிவேடு, நகரக் கணக்கில் இருந்தால் நகர நில அளவைப் பதிவேடு. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டால், அந்த நிலம் அரசுப் புறம்போக்கா, எந்த வகை என்று வரும். ஓடை, ஏரி, கால்வாய், கழிவெளி என்று எது எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எழுத்து மாறாமல் உங்கள் மனுவில் போடுங்கள். நம்பரே தெரியாவிட்டால் வி.ஏ.ஓ.விடம் போய், பக்கத்தில் இருக்கும் உங்கள் பட்டா எண்ணைக் காட்டிக் கேளுங்கள். புலப்படம், அதாவது சர்வே எண்ணின் அளவை வரைபடம், கையில் இருந்தால் பக்கத்து எண்கள் தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வடசென்னையில் பல இடங்கள் பழைய உப்பளம். உப்பள நிலத்தில் ஒரு பகுதி மத்திய அரசின் உப்புத் துறையுடையது. அப்படியிருந்தால் தாசில்தார் “எங்க இடம் இல்லை” என்று ஒரே வரியில் கைகழுவுவார். பதிவேட்டைப் பார்க்காமல் போனால் அந்த ஒரு வரியைக் கேட்கவே இரண்டு மாதம் ஆகும்.

3. எந்தக் கதவு?

என் ஐந்து மாதம் இங்கேதான் போனது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், பெரிய ஏரிகள் எல்லாம் நீர்வளத்துறை. தெருவோர மழைநீர் வடிகால், குப்பை, ரப்பீஸ் மாநகராட்சி. நம் பக்கம் ஆறு மண்டலங்கள்: திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. புகார் எண் 1913. சாக்கடைத் தண்ணீர் திறந்துவிடப்படுகிறது என்றால் குடிநீர் வாரியம், 044-45674567. ஆலைக் கழிவு, சாம்பல், வாயு நாற்றம் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அங்கே நமக்கு வேண்டியவர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், பேச்சில் டி.இ.இ. ஆக்கிரமிப்பு, நில அளவை என்றால் தாசில்தார். எதுவுமே நகரவில்லை என்றால் முதல்வர் உதவி மையம், 1100.

இப்போது சிக்கல். திருவொற்றியூர், மாதவரம் வட்டங்கள் 2018-ல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறின. அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளி எல்லாம் இன்னும் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். அதாவது எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு கரையில் நின்றால் ஒரு கலெக்டர், படகில் பத்து நிமிஷம் போனால் இன்னொரு கலெக்டர். மாசு வாரிய அலுவலக எல்லை, போலீஸ் ஆணையரக எல்லை இதெல்லாம் தனித்தனிக் கோடுகள், ஒன்றோடு ஒன்று பொருந்தாது. எல்லையில் இருக்கும் விஷயமென்றால் இரண்டு பக்கமும் மனு கொடுங்கள். “அவங்களுக்கும் அனுப்பியிருக்கேன்” என்று நகலில் எழுதிவிட்டால், ஒருவர் மேல் ஒருவர் தள்ளுவது குறையும். நிற்காது, குறையும்.

போனில் சொன்ன புகாரும் கணக்கில் வரும், ஆனால் புகார் எண் வாங்கினால் மட்டும். என் அனுபவத்தில் 1913-ல் சொன்னது மூன்றாம் நாள் “முடிக்கப்பட்டது” என்று மெசேஜாக வந்தது. ஓடையில் ஒரு கல் கூட நகரவில்லை. அந்த மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். கொட்டியது அங்கேயே கிடக்கிறது என்கிற அன்றைய தேதி போட்டோவையும் அந்த மெசேஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலதிகாரிக்கு அனுப்பினபோதுதான் முதல் முறையாக ஒருவர் நேரில் வந்தார்.

4. மனு: ஒரு பக்கம், ஒரு கோரிக்கை

என் முதல் மனுவில் ஓடையின் பெருமை, 2015 வெள்ளம், பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் இருந்தது. சர்வே நம்பர் இல்லை. தபால் பிரிவில் இருந்த அம்மா ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல நாங்க என்ன செய்யணும்னு எங்க இருக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இப்படி எழுதுங்கள்:

“பொருள்: ______ கிராமம், சர்வே எண் ____, ஓடைப் புறம்போக்கில் கட்டட இடிபாடு கொட்டப்படுவது – நில அளவை செய்து, எல்லைக்கல் நட்டு, கொட்டியதை அகற்றக் கோருதல்.

மேற்படி ஓடையில் __ தேதி முதல் இரவு 11 முதல் 2 மணிக்குள் லாரிகள் இடிபாடு கொட்டுகின்றன. சுமார் __ அடி நீளம் மூடப்பட்டுள்ளது. படங்கள் 4, வாகன எண்கள் 3, அ-பதிவேடு நகல் 1 இணைப்பு. எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.”

அவ்வளவுதான். யார் கொட்டச் சொன்னது, எந்தக் கட்சிக்காரர் பின்னால் இருக்கிறார் என்கிற தெருப்பேச்சை எழுதாதீர்கள். நிரூபிக்க முடியாத ஒரு வரி இருந்தால் மனு முழுவதும் அந்த வரியைச் சுற்றியே போய்விடும், அவதூறு நோட்டீஸ் வந்தாலும் வரும்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். “வச்சிட்டுப் போங்க, பார்க்கறோம்” என்றால் வைத்துவிட்டு வரக் கூடாது. சீல் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், நேரே தபால் ஆபீஸ். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுன்டரில் பதிவு வசதியும் சேர்ப்பித்த சான்றும் வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள். அந்தச் சின்ன ரசீதை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். வெயிலில், பர்ஸுக்குள் ஆறு மாதம் இருந்தால் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். எனக்கு இரண்டு ரசீது அப்படிப் போயிற்று. யார்டில் தினமும் அதே மாதிரி பில்லைக் கையாளுகிறவன் நான், எனக்கே தோன்றவில்லை.

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கும். அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் தருவார்கள். ஒரு நாள் சம்பளம் போகும், ஆனாலும் ஒரு முறை போய்வருவது நல்லது. பொன்னேரிப் பக்க ஊராட்சிக்காரர்களுக்கு இன்னொரு வசதி, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஏரி, ஓடை பற்றித் தீர்மானம் கொண்டுவர அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அப்புறம் எழுதுகிற வழக்கம் சில இடத்தில் உண்டு. மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு ஏரியா சபை இருக்கிறது, கவுன்சிலரிடம் தேதி கேளுங்கள்.

5. ஆர்.டி.ஐ.: “ஏன்” என்று கேட்காதீர்கள்

மனு கொடுத்து ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகத்துக்கு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று சான்று இருந்தால் அதுவும் வேண்டாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

முதல் முறை நான் கேட்டது: “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” வந்த பதில்: “விளக்கம் கோருவது தகவல் ஆகாது.” சட்டப்படி சரிதான். கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். இரண்டாம் முறை இப்படிக் கேட்டேன்:

என் __ தேதியிட்ட மனு எந்தெந்த அதிகாரியின் மேசைக்கு எந்தத் தேதியில் போனது, கோப்புக் குறிப்புகளின் நகல். மேற்படி சர்வே எண்ணின் புலப்படம், அ-பதிவேடு, சான்றிட்ட நகல். அந்த இடத்தைக் கடைசியாக அளந்த தேதி, அளவை அறிக்கை நகல். கோப்பை நேரில் பார்வையிட ஒரு தேதி.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. என் கோப்பில் மூன்றே தாள் இருந்தது. அதில் ஒன்றில் “இடத்தைத் தணிக்கை செய்தேன், கொட்டுதல் ஏதும் இல்லை” என்று எழுதி ஒரு தேதி போட்டிருந்தார்கள். அதே தேதியில் நான் எடுத்த போட்டோவில் லாரி நிற்கிறது. இதைத் தபாலில் கேட்டிருந்தால் எனக்கு எந்தத் தாளைக் கேட்பது என்றே தெரிந்திருக்காது. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய்.

30 நாள் கெடு. அலுவலகம் தப்பு என்றாலும் 5 நாளில் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. பதில் இல்லை அல்லது அரைகுறை என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், கட்டணம் இல்லை. எனக்கு மேல்முறையீடு போட்டபிறகுதான் பதில் வந்தது. அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதை நம்பி மற்ற வேலையை நிறுத்திவிடாதீர்கள்.

துறைமுகம், உப்புத் துறை மாதிரி மத்திய அரசு அமைப்பு என்றால் மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் ஆன்லைனில் பத்து ரூபாய் கட்டலாம். அந்தத் தளத்தில் தமிழ்நாட்டுத் துறைகளுக்குப் போட்டால் திரும்பி வந்துவிடும், கட்டிய காசு திரும்பாது.

ஆலை சம்பந்தமான விஷயமென்றால் மாசு வாரியத்திடம் அந்த ஆலைக்குக் கொடுத்த இசைவாணையின், அதாவது ஆலை இயங்கக் கொடுத்த அனுமதியின், நகலைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர், எங்கே விடலாம், என்ன நிபந்தனை எல்லாம் அதில் இருக்கும். “நாத்தம் அடிக்குது” என்கிற புகாருக்கும் “இசைவாணையின் இந்த நிபந்தனை மீறப்படுகிறது” என்கிற புகாருக்கும் வருகிற மரியாதையே வேறு. மத்திய சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய திட்டங்கள் ஒவ்வொரு வருஷமும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று அரையாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம்.

6. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தால் போதாது

வாட்டர் பாட்டிலில் கறுப்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் மேசையில் வைப்பது டி.வி.க்கு நல்ல காட்சி. வழக்குக்கு உதவாது. 1974-ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டப்படி, ஆலை மீது வழக்குப் போட வாரிய அதிகாரி, முறைப்படி அறிவிப்புக் கொடுத்து எடுத்து, முத்திரை வைத்த சாம்பிள்தான் செல்லும். ஆகவே நம் வேலை அவர்களைச் சரியான நேரத்துக்கு வரவழைப்பது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கழிவு திறக்கிறார்கள் என்று உங்கள் நோட்டில் ஒரு மாதக் கணக்கு இருந்தால், “வெள்ளி இரவு 1 மணிக்கு வாருங்கள்” என்று எழுதிக் கேட்கலாம். மழை கொட்டுகிற ராத்திரிதான் அவர்களுக்குத் தோதான நேரம்.

நீங்களாக ஒரு பரிசோதனை செய்து பார்க்க விரும்பினால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள், ஐஸ் பெட்டியில் எவ்வளவு நேரத்துக்குள் சேர்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். எல்லாச் சோதனையும் எடுத்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். எது இருக்கும் என்று சந்தேகமோ அதை மட்டும் எடுங்கள்.

எண்ணெய், வாயு என்று அவசரம் வந்தால் இதெல்லாம் ஓரமாக இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்தது, அதே மாதக் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ராத்திரியில் ஜனம் ஓடியது. அப்படிப்பட்ட நேரத்தில் முதலில் குழந்தைகள், வயசானவர்களைக் காற்றுக்குக் குறுக்கே நகர்த்துங்கள், 112, 108. அப்புறம் போட்டோ. ஆஸ்பத்திரிச் சீட்டு, எண்ணெய் படிந்த படகு, வலை எல்லாவற்றையும் கழுவுவதற்கு முன்னால் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நஷ்டஈட்டுப் பட்டியல் எடுக்கும்போது கழுவின படகுக்கு அத்தாட்சி இருக்காது.

7. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்

புதிதாக ஏதாவது வருகிறது, விரிவாக்கம் என்கிறார்கள் என்றால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கூட்டம் நடக்க வேண்டியிருக்கும். குறைந்தது 30 நாள் முன்னால் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வரும். உள்பக்கத்தில், பொடி எழுத்தில். டீக்கடையில் பேப்பர் போடுகிறவரிடம் சொல்லி வையுங்கள்.

அந்த 30 நாளில் செய்ய வேண்டியது அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் படிப்பது. கலெக்டர் அலுவலகம், மாசு வாரிய அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் வைத்திருப்பார்கள், சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். பல நூறு பக்கம் பார்த்து மலைக்காதீர்கள். பத்து கிலோமீட்டர் சுற்றளவில் என்னென்ன நீர்நிலை என்கிற பட்டியலை மட்டும் முதலில் பாருங்கள். உங்கள் ஓடை அதில் இருக்கிறதா? எத்தனை மீனவர் கிராமம் என்று போட்டிருக்கிறார்கள்? விட்டுப்போனதையே உங்கள் ஆட்சேபணையாக எழுதுங்கள்.

பேசப்போகிறவர்கள் எழுதியும் கொடுங்கள். மேடையில் மூன்று நிமிஷம் கூடக் கிடைக்காமல் போகலாம், கூச்சலில் போய்விடலாம். எழுத்து கோப்பில் இருக்கும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், ஒரு நாலு பேராவது இருந்து கேளுங்கள். வீடியோ பதிவு செய்வார்கள், பின்னால் ஆர்.டி.ஐ.யில் கேட்டு வாங்கலாம்.

வேன் பிடிப்பதற்கு முந்தின நாள் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22-க்கு அறிவித்த கூட்டமும் நடக்கவில்லை, 2023 செப்டம்பர் 5-க்கு அறிவித்ததும் நடக்கவில்லை. கூட்டம் தள்ளிப்போனால் கொடுத்த ஆட்சேபணை செத்துவிடாது, ஆனாலும் புதுத் தேதி வந்ததும் மறுபடி ஒரு பிரதி கொடுப்பது புத்திசாலித்தனம்.

8. பசுமைத் தீர்ப்பாயம்: நாளை எண்ணிக்கொண்டே இருங்கள்

பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கிற தேசிய நீதிமன்றம். அதன் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலஸ் மஹாலில் இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், தமிழ்த் தாள்களுக்கு மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். டைப்பிங், மொழிபெயர்ப்பு, ஜெராக்ஸ் சேர்ந்து எனக்கு வழக்குக் கட்டணத்தைவிட மூன்று மடங்கு ஆனது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. வகுப்பினர், வருமானம் குறைந்தவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். அதனால்தான் எங்கள் மனுவில் முதல் பெயர் பக்கத்து வீட்டு அக்காவுடையது.

கெடு விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்குமேல் இல்லை. சேதத்துக்கு நிவாரணம், பாழான இடத்தைச் சீரமைக்கக் கேட்பது என்றால் 5 வருஷம். ஒரு திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாள்தான், காரணம் காட்டி 60 நாள் கூடுதல். “தாசில்தார் பார்க்கறேன்னு சொல்லியிருக்காரு” என்று காத்திருக்கிற நாளெல்லாம் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். நான் 20 நாள் தாமதம். தாமதத்துக்கு மன்னிப்புக் கோரும் தனி மனு போட்டு, தேதி சீல் வைத்த பழைய மனு நகல்களைக் காட்டித்தான் உள்ளே நுழைந்தேன். ஆகவே முதல் லாரி வந்த நாளிலிருந்து ஐந்தாவது மாதத்தைக் காலண்டரில் சிவப்பு மையில் சுழித்து வையுங்கள்.

செய்தித்தாளில் வந்ததைப் பார்த்துத் தீர்ப்பாயம் தானாகவே எடுத்துக்கொள்வதும் உண்டு. 2023 எண்ணெய்க் கசிவை அப்படித்தான் எடுத்தது. நிருபருக்குத் தகவல் கொடுக்கும்போது கதை சொல்லாமல் அ-பதிவேட்டு நகல், அன்றும் இன்றும் காட்டும் ஜோடிப் படம், ஆர்.டி.ஐ. பதில் மூன்றையும் கொடுங்கள்.

9. ஆட்கள், காசு, போலீஸ்

ஐந்து பேர் போதும். ஒருவர் நோட்டு, ஒருவர் படம், ஒருவர் ஆபீஸ் அலைச்சல், ஒருவர் காசுக் கணக்கு, ஒருவர் தெருவில் பேசுகிறவர். முந்நூறு பேர் வாட்ஸ்அப் குரூப்பில் குட் மார்னிங்தான் வரும். பெண்கள் இல்லாத குழு நிற்காது, பகலில் ஓடையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.

காசை ரசீதுப் புத்தகம் போட்டு வாங்குங்கள், பத்து ரூபாயானாலும். மாதம் ஒரு முறை கணக்கைத் தெருமுனையில் ஒட்டுங்கள். கான்ட்ராக்டர், ஆலை, தேர்தலில் நிற்கிறவர், இவர்களிடம் டீச்செலவுக்குக் கூட வாங்காதீர்கள்.

ஆர்ப்பாட்டம் என்றால் போலீஸ் அனுமதி வேண்டும். குறைந்தது 5 நாள் முன்னால் இடம், நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் யார் என்று எழுதிக் கொடுங்கள். எந்த ஆணையரக எல்லை என்பதை ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மத்திய, மாநில அரசு வேலையில் இருப்பவர்களையும் வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கிற பையன்களையும் பொறுப்பாளராகப் போடாதீர்கள். ஒரு வழக்கு விழுந்தால் அவர்கள் வீட்டில் நம்மை மன்னிக்க மாட்டார்கள்.

10. எந்த மாதத்தில் தொடங்குவது

நில அளவைக்கான மனுவை வெயில் காலத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஆடி முடிவதற்குள் சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிட வேண்டும். நான் ஐப்பசியில் கேட்டேன். சர்வேயர் வந்தார், பேன்ட்டை முழங்கால் வரை மடக்கிக்கொண்டு கரையில் நின்று பார்த்தார், “தண்ணி வத்தட்டும் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். தை முடியும்வரை வற்றவில்லை. அதற்குள் இன்னும் இருபது லோடு விழுந்திருந்தது.